இந்த வண்டிய மட்டும் வித்தீங்கன்னா

எங்க வண்டி மொதமொதல்ல பேசுனது பட்டறையில வெச்சு, வீட்டுல வெச்சில்லைங்க, அத இப்பவே சொல்லிப்போடறேன், ஏன்னா துளசிமணி, அதாவது நான், என்னமோ மந்திரிச்சு வண்டிக்குள்ள வெச்சுட்டேன்னு இன்னிக்கும் சொல்லிக்கிட்டுத் திரியறவங்க இருக்கறாங்க, அது பேசுன அன்னிக்கு நான் நெத்தியில கட்டோட வீட்டுல படுத்திருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. பம்பரக் கழட்டி, பானெட்டக் கழட்டி, லைட்டு ரெண்டும் ஒயருல தொங்க, மொகமே இல்லாம நின்னுக்கிட்டிருந்த வண்டி, சாயங்காலம் பால்வண்டி வர்ற நேரத்துல, யாரும் தொடாமயே கிறீச்சுன்னு பிரேக் அடிச்சு, ஒரு பொம்பள கொரல்ல "இந்த வண்டிய மட்டும் வித்தீங்கன்னா நான்"னு சொல்லி, டமார்னு இடிச்சு, கண்ணாடி செதறி, அதுக்கு மேல கெழங்கு சரிஞ்சு தொம்மு தொம்முன்னு உருண்டு, அப்பறம் அடங்கிப்போச்சாம். பட்டறையில இருந்த அத்தன பேரும் கேட்டாங்க. சூப்பர்வைசர் வந்து வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, வேலைச் சீட்டுல 'முன்பக்கம் சத்தம்'னு எழுதி, சஸ்பென்ஷன் புஷ்ஷ மாத்தச் சொல்லிட்டுப் போனாரு. மறுநாளும் பேசுச்சு. மறுபடியும் புஷ்ஷ மாத்துனாங்க, ரெண்டு தடவைக்கும் பில்லுப் போட்டாங்க.

அது எங்கொரலுதானுங்க. ஈரோட்டுச் சந்தையில ஜவுளி எடுத்துக்கிட்டு, பின்சீட்டு நெறைய நைட்டியும் உள்பாவாடையுமா வந்துக்கிட்டிருந்தோம், எங்க வீட்டுக்காரரு ஓட்ட, நான் எடதுபக்கம் உக்காந்திருந்தேன். அந்த ஜவுளிதான் என் பொழப்பு, சுத்துப்பட்டு ஊருல ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போயி விக்கறது, வண்டி இல்லாட்டி மூட்டைய நான் தலையில வெச்சுக்கிட்டுப் பஸ்ஸுல தொங்கணும், அதுக்கு இடுப்பு எடங்குடுக்காது. இத்தனையும் தெரிஞ்ச மனுசன், பள்ளிபாளையம் தாண்டுனதும், வெத்தலை எச்சியத் துப்பற மாதிரி சொன்னாரு, வண்டியக் குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன், தம்பி லாரி எடுக்கறான், பங்குக்குப் பணம் கேக்கறான், அடுத்த மாசம் போட்டாகணும்னு. முடிவு பண்ணிட்டாராம். பேரு நல்லசிவம், வாய் தொறந்து ஒரு நல்ல வார்த்த சொல்லி நான் கேட்டது கெடையாது. எனக்கு வந்த கோவத்துல, "இந்த வண்டிய மட்டும் வித்தீங்கன்னா நான்"னு ஆரம்பிச்சேன், அவரு என்னையத் திரும்பி மொறைச்சாரு, நடுரோட்டுல செவப்புத் துணி கூடக் கட்டாம மரவள்ளிக் குச்சிக்கெழங்கு ஏத்துன ஒரு டிராக்டர் நின்னுக்கிட்டிருந்தத ரெண்டு பேருமே பாக்கல. அதுக்கப்பறம் நடந்ததத்தான் வண்டி தெனமும் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

அதுலயும் பாருங்க, அவரு சொன்ன ஒரு வார்த்தையக்கூட அது சொல்லல. ஆரம்பிச்சு வெச்ச மனுசன் சொன்னதெல்லாம் காத்தோட போச்சு, எம்பேச்ச மட்டும் புடிச்சு வெச்சுக்கிச்சு.

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாரு. பென்சிலக் காதுல சொருகிக்கிட்டு, பிளாஸ்டிக்குன்னா பாதிதானுங்க, ரப்பர்னாலும் பாதிதானுங்க, இந்தக் கீறல் பழசுங்க, இது இதுல சேராதுங்கன்னு ஒண்ணொண்ணா வெட்டிக்கிட்டே வந்தாரு, நாங்க கோழிக் கடையில நிக்கற மாதிரி நின்னுக்கிட்டிருந்தோம். வண்டி பேசுதே, அதுக்கு என்னன்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. சர்வேயர் பால்வண்டி நேரம் வரைக்கும் காத்திருந்து, முழுசாக் கேட்டாரு, கேட்டுட்டு, கொரலு வண்டியோட பாகத்துல வராதுங்க, வாங்கறப்பவே கொரலு இருந்துச்சுன்னு பில்லு இருந்தாக் காட்டுங்க, பாக்கலாம்னாரு. பில்லு எங்க இருக்கும்? பொறந்தப்ப எங்கம்மா வாங்கி வெச்சாளா?

பட்டறைக்காரங்க ஒருவழியா வண்டிய அனுப்புனாங்க. இன்னிக்கு, நாளைக்கு, பார்ட்ஸ் வரல, வந்தது வேற வண்டியோடது, பெயிண்டர் ஊருக்குப் போயிட்டாருன்னு அலைய வெச்சு, கடைசியில பாத்தா வண்டி வெள்ளை, எடதுபக்க மட்கார்டு மட்டும் பால்ல டீத்தூள் பட்ட வெள்ளை. என்னங்க இதுன்னா, வெயில்ல நின்னா ரெண்டும் ஒண்ணாயிடும்னாங்க. எங்க வாசல்ல வெயிலுக்குப் பஞ்சமே இல்ல, இன்னிக்கு வரைக்கும் அது ஒண்ணாகல.

எங்க வீதிக்கு வண்டி வந்த அன்னிக்குச் சாயங்காலம் அது பேசுனப்ப எல்லாரும் வெளிய வந்தாங்க. ரெண்டாவது நாளு பாதிப்பேரு வந்தாங்க. அதுக்கப்பறம் யாரும் வரல, ஏன்னா பழகிப்போச்சு, எங்க ஊரு லாரிக்குக் கூடு கட்டற ஊரு, காலையில இருந்து தகரத்தத் தட்டற சத்தத்துலயே பொறந்து வளந்த ஜனம், அவங்களுக்கு ஒரு டமாரு அதிகமாத் தெரியல. எதுத்தாப்புல டீக்கடை வெச்சிருக்கற ராக்கியண்ணன், வண்டி பிரேக் அடிச்சதும் பாலு அடுப்புல ஏத்துவாரு, கெழங்கு உருண்டு முடியறப்ப பாலு பொங்கும், கரெக்டா இருக்குதும்மான்னு எங்கிட்டயே வந்து சொல்லுவாரு. தறிக்குடோன்ல சிப்டு மாறுனது அந்த டமாருக்குத்தான். ஸ்கூலு விட்டு வர்ற புள்ளைங்க வண்டியச் சுத்தி நின்னுக்கிட்டு, அது சொல்லறதுக்கு முன்னாடி அதுங்க சொல்லி, டமார்னு கத்தி, சிரிச்சுக்கிட்டு ஓடும். எங்கொரல, எங்கோவத்த, வீதியே கடிகாரமாக்கி வெச்சுக்கிச்சு, எனக்கு வந்த எரிச்சல எங்க போயிச் சொல்ல?

ஆனா பொம்பளைங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. மொதல்ல ஆரம்பிச்சது பக்கத்து வீட்டுச் சாந்தாமணி. அவ வீட்டுக்காரன் ஆட்டுக்குட்டிய ஓட்டிக்கிட்டுச் சந்தைக்குக் கெளம்புனப்ப, இவ வாசல்ல நின்னு, "இந்தக் குட்டிய மட்டும் வித்தீங்கன்னா நான்"னு சொல்லி நிறுத்தி, கையில இருந்த சோத்து வட்டலத் தரையில டமார்னு போட்டாளாம். அவ்வளவுதான், அவன் குட்டியத் திருப்பிக் கட்டிட்டான். அது அப்படியே பரவிப்போச்சு. காதுத் தோட்ட விக்கறதா, தாலிக்கொடிய அடகு வெக்கறதா, எங்க எது கெளம்புனாலும் பாதி வார்த்தையும் ஒரு வட்டலும் போதும். முழுசாச் சொன்னாத்தான் ஆம்பளைங்க பதிலுக்குப் பேசுவாங்க, பாதியில நிறுத்துனா அவனவன் மீதிய அவனே நெனச்சுக்கிட்டுப் பயந்துக்கறான்னு சாந்தாமணி எனக்கே பாடம் சொன்னா.

டீக்கடையில அந்த மீதி என்னன்னு பந்தயமே கட்டுனாங்க. அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்ல வந்தாள்னு ஒருத்தர், கெணத்துல குதிப்பேன்னு ஒருத்தர், சோறு ஆக்க மாட்டேன்னுதான் இருக்கும், மத்ததுக்கெல்லாம் அவளுக்குத் தைரியம் பத்தாதுன்னு ராக்கியண்ணன். எங்கிட்ட யாரும் கேக்கல.

வண்டிய விக்கறதுக்கு எங்க வீட்டுக்காரரு புரோக்கர் சாதிக் பாயக் கூட்டியாந்தாரு. பாய் நல்ல மனுசன், ஆனா வண்டின்னு வந்துட்டா ஈவு எரக்கம் கெடையாது. விரலு மடக்கி மட்கார்டத் தட்டுனாரு, டொக்குன்னு ஒரு பக்கம், தொப்புன்னு ஒரு பக்கம். கதவு ரப்பரப் பிரிச்சுப் பாத்தாரு. பானெட்டுப் போல்ட்டுல பெயிண்ட் உரிஞ்சிருக்கறதக் காட்டி, அண்ணே, இத ஸ்பேனர் தொட்டிருக்குது, இடிச்ச வண்டி இடிச்ச வண்டிதான், எவ்வளவு செலவு பண்ணி நிமித்துனாலும் ஜனம் நேத்து வரைக்கும் குடுத்த வெலையக் குடுக்காதுன்னு சொல்லி, நடு வீட்டுல உக்காந்து வெலையக் கொறைச்சாரு. அப்பறம் சாயங்காலம் வரைக்கும் டீ குடிச்சுக்கிட்டு இருந்துட்டு, வண்டி பேசுனதக் கேட்டு, இன்னும் கொறைச்சாரு. எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. ரிப்பேருக்குப் போட்டதும் போச்சு, இன்சூரன்ஸ்ல வெட்டுனதும் போச்சு, இப்ப வெலையும் போச்சுன்னு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருந்தாரு, பாவமாவும் இருந்துச்சு, நல்லா வேணும்னும் இருந்துச்சு.

எங்க ஊருல ஒரு பழக்கம் இருக்குது. வண்டி கை மாறுனா, காசு ஆம்பளைங்க எண்ணிக்கலாம், சாவி மட்டும் பொம்பள கையில இருந்து பொம்பள கைக்குத்தான் போகணும். தட்டத்துல வெத்தலை, எலுமிச்சம்பழம், மஞ்சக் குங்குமம், நடுவுல சாவி, குடுக்கறவ "மனசாரக் குடுக்கறேன்"னு சொல்லணும், வாங்கறவ கேட்டு வாங்கிக்கணும். மனசில்லாமக் குடுத்த வண்டி போற எடத்துல மறுபடியும் இடிக்கும்னு லாரிக்காரங்க வீட்டுல அடிச்சு வெச்ச நம்பிக்கை, கோடி ரூவா லாரியா இருந்தாலும் இந்தத் தட்டம் இல்லாம நகராது.

வந்த ஆளுங்கெல்லாம் அங்கதான் நின்னாங்க. மத்தியானம் வந்து, ஓட்டிப் பாத்து, வெலையும் பேசி, சிரிச்சுக்கிட்டே டீ குடிக்கற நேரத்துல பிரேக் சத்தம் கேக்கும். வாங்க வந்தவரோட சம்சாரம் டம்ளரக் கீழ வெச்சுட்டு, வண்டியப் பாத்து, என்னையப் பாத்து, அக்கா இது உங்க கொரலாங்கம்பா. ஆமாங்கம்பேன். மனசாரக் குடுக்கறீங்களாக்காங்கம்பா. வண்டி சொல்லறதக் கேட்டீங்கல்லம்பேன். அவ எந்திரிச்சுப் போயி செருப்ப மாட்டிக்குவா. பாதியில நிக்கற பொம்பள வார்த்தைக்கு மேல உக்காந்து எவ பயணம் போவா? எங்க வீட்டுக்காரரு என்னைய அடிக்க வர்ற மாதிரி பாப்பாரு, அடிக்க மாட்டாரு, அந்தப் பழக்கம் இல்ல, சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய போயிடுவாரு.

ஒரு நாளு தாங்க மாட்டாம நேராவே கேட்டாரு.

"அப்படி என்னத்தடி சொல்ல வந்த? அதச் சொல்லித் தொலை, சனியன் வாயாவது மூடும்."

நான் அடுப்புல வெறகத் தள்ளுனேன். பாயும் அதத்தான் சொன்னாரு, அக்கா, வார்த்த பாதியில தகரத்துல மாட்டிக்கிச்சு, முடிச்சு விட்டீங்கன்னா எறங்கிடும்னு. ரெண்டு பேருமே நான் என்னமோ பெரிய ரகசியத்த அடக்கி வெச்சிருக்கறேன்னு நெனச்சாங்க. ஒண்ணுமில்லைங்க. நெசத்தச் சொல்லறேன், 'நான்'னு சொன்னேனே, அதுக்கப்பறம் எங்கிட்ட ஒரு வார்த்தையும் இல்ல. என்னன்னு மெரட்டறது? அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்ல அம்மா இல்ல, அண்ணன் வீட்டுல அண்ணி டம்ளர எண்ணி வெப்பா. செத்துப்போறேன்னு சொல்ல எனக்குப் புடிக்கல. டிராக்டரு குறுக்க வந்துச்சு, நான் தப்பிச்சேன், இல்லாட்டி 'நான்'னு சொல்லிட்டு வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருப்பேன். வீதியே பயந்த பேச்சு, அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல, அது எனக்கு மட்டுந்தான் தெரியும், தெனமும் சாயங்காலம் அது கத்தறப்ப எனக்கு அவமானமா இருந்துச்சு.

வண்டி விக்கலங்கறதுல ஒரே ஒரு நல்லது நடந்துச்சு. அதுக்கு முன்னாடி, நான் லைசென்ஸ் எடுத்து வெச்சிருந்தும், சாவியக் கேட்டா, நீ கீறல் விட்டுட்டயின்னா வெலை போயிடும்பாரு. இப்ப வெலையே போயிடுச்சு. சந்தைக்குப் போகணும்னு நான் நச்சரிச்சப்ப, எடுத்துட்டுப் போ, இடிச்ச வண்டிதான, இன்னும் இடிச்சா என்ன ஆகப்போவுதுன்னு ஆணியில இருந்த சாவியக் கழட்டி விசிறி அடிச்சாரு. நான் குனிஞ்சு எடுத்துக்கிட்டேன்.

ஒத்தையாப் போனேன். போறப்ப ரெண்டு தடவ எஞ்சின் நின்னு போச்சு, வர்றப்ப அதே ரோட்டுல, அதே நேரத்துல, வண்டி எனக்குக் கீழ இருந்து கிறீச்சுன்னு கத்துச்சு, எங்கொரலு எம்மொகத்துக்கு நேரா வந்து பேசுச்சு, நான் ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்டியரிங்குல தலைய வெச்சு அழுதேன். அடுத்த சந்தைக்கும் ஓரங்கட்டுனேன், ஆனா அழுகல. அப்பறம் ஓரங்கட்டறதையும் விட்டுட்டேன், அது பாட்டுக்கு இடிக்கும், கண்ணாடி செதறும், கெழங்கு உருளும், நான் பாட்டுக்கு மூணாவது கியர்ல போயிக்கிட்டிருப்பேன். யாரையும் எதிர்பாக்காம நெனச்சப்பப் போனதால சரக்கு ரெட்டிப்பா வித்துச்சு. சீட்டுப் போட்டேன், ரெண்டு சீட்டு. எதுக்குப் போடறேன்னு யாரும் கேக்கல, எனக்கும் அப்பத் தெரியல.

இப்படி இருக்கறப்பத்தான் பாய் ஒரு பார்ட்டியக் கூட்டியாந்தாரு. வடக்க இருந்து வந்து கோழிப்பண்ணைக்கு ஆளு அனுப்பற காண்ட்ராக்டரு, தமிழ்ல கோழி, முட்டை, சம்பளம், இந்த மூணுதான் தெரியும். சம்சாரம் ஊருல இருக்குது. பேச்சு புரியாது, பழக்கமும் கெடையாது, வண்டி கத்தட்டும் கதறட்டும், அவருக்கு ஆளுங்கள ஏத்தி எறக்கணும் அவ்வளவுதான்னு பாய் குஷியாச் சொன்னாரு. வெலை மட்டும் அடிமாட்டு வெலை. அதச் சொன்னப்ப பாய்க்கே கூச்சமா இருந்துச்சு. தள்ளித் தள்ளி வெச்ச தம்பி லாரிப் பங்குக்குக் கடைசிக் கெடு வந்துடுச்சு, எங்க வீட்டுக்காரரு சரின்னுட்டாரு, சரிங்கறப்ப கொரலு உடைஞ்சு போச்சு. ஆசை ஆசையா வாங்குன வண்டிங்க அது, அவருக்குந்தான்.

நான் சமையக்கட்டுல நின்னு அந்த வெலையக் கேட்டேன். ஒரு தடவ கேட்டது போதாம, பாய், எவ்வளவுன்னு சொன்னீங்கன்னு திருப்பிக் கேட்டேன். அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு மறுபடியும் சொன்னாரு.

அப்பறம் நான் தட்டத்த எடுத்தேன். வெத்தலை வெச்சேன், எலுமிச்சம்பழம் வெச்சேன், மஞ்சக் குங்குமம் வெச்சேன், ஆணியில இருந்த சாவிய எடுத்து நடுவுல வெச்சேன். வாசலுக்கு வந்தா வீதியே நிக்குது, சாந்தாமணி, தறிக்காரப் பொம்பளைங்க, ராக்கியண்ணன், எல்லாரும். துளசி கடைசியில குடுக்கறாடின்னு யாரோ சொன்னாங்க, அதுல ஒரு ஏமாத்தம் இருந்துச்சு. பால்வண்டி முக்குல திரும்புச்சு. வண்டி கிறீச்சுன்னு பிரேக் அடிச்சுது. "இந்த வண்டிய மட்டும் வித்தீங்கன்னா நான்"னு சொல்லுச்சு.

"நான் வாங்கிக்குவேன்."

அது என் வாயில இருந்து வந்துச்சு. கத்தக்கூட இல்ல, காய்க்காரிகிட்ட வெலை பேசற மாதிரிதான் சொன்னேன். டமாருன்னு இடிக்கணும், இடிக்கல. கண்ணாடி செதறல. கெழங்கு உருளல. ராக்கியண்ணன் பாலு மட்டும் பொங்கி அடுப்புல வழிஞ்சு, அந்தத் தீஞ்ச வாசன வீதி பூராவும் வந்துச்சு.

எங்க வீட்டுக்காரரு என்னையப் பாத்துட்டு, உனக்கு ஏது காசுன்னாரு. ரெண்டு சீட்டையும் எடுத்துட்டேன்னு சொன்னேன். கட்டுன பொண்டாட்டிகிட்ட எவன் வண்டி விப்பான், ஊரு சிரிக்கும்னாரு. நான் வீதியத் திரும்பிப் பாத்தேன், ஒருத்தரும் சிரிக்கல.

"சர்வேயர் வெட்டுனது, பட்டறைக்காரன் பெயிண்டக் கெடுத்தது, பாய் தட்டித் தட்டிக் கொறைச்சது, எல்லாம் போக இன்னிக்கு இதுதான வெலை? வெளியாளுக்குக் குடுக்கறத எனக்குக் குடுங்க. இடிக்காத வண்டியா இருந்திருந்தா என்னால வாங்கியிருக்கவே முடியாது."

காண்ட்ராக்டருக்கு ஒண்ணும் புரியாம, பாய் அவரு பாஷையில எடுத்துச் சொன்னாரு. அந்த மனுசன் கையெடுத்து என்னையக் கும்பிட்டுட்டு, ராக்கியண்ணன் கடைக்குப் போயி ஒரு டீ சொல்லிட்டாரு. பாய் மட்டும் கொஞ்ச நேரம் தவிச்சாரு, விக்கறவரு வீடும் இதுதான், வாங்கறவங்க வீடும் இதுதான், கமிஷன யாருகிட்டக் கேக்கறதுன்னு. கடைசியில ரெண்டு பேருகிட்டயும் வாங்கிக்கிட்டாரு, அதெல்லாம் விட மாட்டாரு.

அப்பறம் அந்தத் தட்டம். குடுக்கறவளும் நான், வாங்கறவளும் நான்னா எப்படின்னு வீதியில ஒரு பேச்சு எழும்புச்சு. நான் தட்டத்த அவரு கையில குடுத்தேன். எங்க ஊருல ஒரு ஆம்பள சாவித் தட்டத்தப் புடிச்சது அதுதான் மொதத் தடவ. தட்டம் சாஞ்சு எலுமிச்சம்பழம் உருண்டுச்சு, அத ஒரு விரலால தடுத்துக்கிட்டாரு. மனசாரக் குடுக்கறேன்னு வாய்க்குள்ள சொன்னாரு. கேக்கலேன்னேன். மறுபடியும் சொன்னாரு, இந்தத் தடவ கண்ணுல தண்ணியோட சொன்னாரு, எனக்கும் வந்துடுச்சு.

மறுநாளு வண்டி பேசல. அதுக்கு மறுநாளும் பேசல. வீதியில எல்லாருக்கும் எம்மேல கோவம், தறிக்காரங்களுக்குச் சிப்டு தெரியல, ராக்கியண்ணன் பாலு நெனச்ச நேரத்துக்குப் பொங்குது. சாந்தாமணி வந்து, பாதியா இருந்த வரைக்கும் நல்லா வேலை செஞ்சுது, நீ முடிச்சு வெச்சுக் கெடுத்துட்டயேக்கான்னு திட்டிட்டு, போறப்ப நின்னு, அந்தச் சீட்ட நீ யாருகிட்டப் போட்டயின்னு கேட்டுக்கிட்டுப் போனா.

ஆர்.சி. எம்பேருக்கு மாறி வந்த வாரம், எங்க வீட்டுக்காரரு லாரி ஸ்டேண்டுக்குப் போகணும்னு வந்து நின்னாரு. ஏறுங்கன்னேன். பழக்கத்துல வலதுபக்கம் வந்து, அப்பறம் சுத்திப் போயி எடதுபக்கம் ஏறுனாரு, நான் உக்காந்திருந்த எடத்துல, கால எங்க வெக்கறதுன்னு தெரியாம. பள்ளிபாளையம் ரோட்டுல ஏறுனதும் மெதுவா ஆரம்பிச்சாரு, "துளசி, இந்த வண்டிய மட்டும் நீ"ன்னு. சொல்லிட்டு நிறுத்திக்கிட்டு ஜன்னலப் பாத்தாரு.

நான் இன்டிகேட்டரப் போட்டு, ஓரங்கட்டி, எஞ்சின ஆப் பண்ணிட்டேன்.

"சொல்லி முடிங்க. பாதிப் பேச்ச இந்த வண்டிக்குள்ள விடாதீங்க, மறுபடியும் என்னால பட்டறைக்கு அலைய முடியாது."

லாரி ரெண்டு மூணு எங்களத் தாண்டிப் போச்சு. அவரு மடியில இருந்த துண்ட மடிச்சாரு, பிரிச்சாரு, மறுபடியும் மடிச்சாரு.

"என்னையக் கேக்காம வித்துடாத," ன்னாரு.

பாக்கலாம்னு சொல்லி, சாவியத் திருகி, கியரப் போட்டேன்.